அப்பாவோட ஜப்பான் புறா

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசையும் முடிஞ்சிருச்சு. அவரு சேத்து வச்ச பீங்கான் பறவைங்க ஷோகேஸ்ல அப்புடியே ஒக்காந்திருக்கு.

அப்பா பழைய சாமான் யாவாரம். டிவிஎஸ் வண்டியில ஊரூரா போவாரு. அந்தக் காலத்துல ரங்கூன், மலேயான்னு போயிட்டு வந்தவங்க வூட்டுலேருந்து பித்தளையோட இந்தப் பறவைங்களும் வரும். கொக்கு, குருவி, மீன்கொத்தி. அடியில ஜப்பான்னு அச்சு இருந்தா விக்கவே மாட்டாரு.

"இதுங்க முட்டையா போடப்போவுது?"ன்னு அம்மா திட்டும்.

நான் மூணாவது படிக்கையில ஒரு வெள்ளைப் புறா கெடச்சுச்சு. றெக்கைய விரிச்சு கீழ எறங்குறாப்ல இருக்கும். அப்பா அப்புடி ஒண்ணுக்குத்தான் வருசக்கணக்கா அலைஞ்சாரு. கழுவி வாசல்ல துணி விரிச்சு காய வச்சிருந்தாரு. எதுத்த வூட்டு பெரியம்மா பாத்துட்டு, செருப்பக் கழட்டி சிலுவை போட்டுச்சு.

"ஏப்பா, புறாவா எறங்குன பரிசுத்த ஆவிய தரையிலயா வைப்ப?"

"ஐயோ அக்கா, இது ஜப்பான் புறா."

"ஆவியானவருக்கு ஏதுப்பா ஊரு!"

அப்ப ஜெபமாலை மாசம். மாதா சுரூபம் எங்க தெருவுல தெனம் ஒரு வூட்டுக்குப் போவும். மாதாவோட சேத்து புறாவையும் வச்சு பெரியம்மா தூக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கு மேல பேசுனா தெருவே சண்டைக்கு வரும்.

"நம்ம வூட்டு மொற வரட்டும், உள்ள வச்சுப் பூட்டிர்றேன்"னாரு அப்பா.

கோயில் பக்கமே போவாத மனுசன், புறாவுக்கு மூக்கு கீக்கு ஒடஞ்சிருக்கான்னு பாக்க தெனம் ஜெபத்துக்குப் போனாரு. மனந்திரும்பிட்டாருன்னு தெருவே சந்தோசப்பட்டுச்சு.

எங்க மொற வந்துச்சு. ஜெபம் முடிஞ்சதும் அப்பா சாவியக் கையில எடுத்துட்டாரு. அப்பத்தான் கடைசி வூட்டு அக்கா கேட்டுச்சு.

"நாளைக்கு எங்க வூட்டுக்குப் புறாவும் வருமுல்ல சித்தப்பா? புள்ள அரியலூரு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிக்கிது."

அப்பா சாவிய சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. பொறவு புறாவ ரெண்டு கையாலயும் தூக்கிட்டு நடந்தாரு.

"நாளைக்கி எதுக்கும்மா, இப்பவே வச்சுக்க."

"அது நம்ம புறாப்பா!"ன்னு நான் அழுதுகிட்டே பின்னாடி ஓடுனேன்.

"சும்மா வா"ன்னாரு.

புள்ள பொழச்சு வந்துச்சு. புறாவ அப்பா திருப்பிக் கேக்கவே இல்ல. ஷோகேஸ்ல அதுக்குன்னு ஒதுக்குன எடத்துல வேற பறவையும் வைக்கல. அப்பாவ ஏமாத்திட்டாங்கன்னே நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பாவ பெட்டியில வச்சிருந்த அன்னிக்கு அந்தப் புள்ள வந்துச்சு. பாவாடை சட்டை போட்டுக்கிட்டு நல்லா வளந்திருச்சு. புறாவக் கொண்டாந்து அப்பா தலமாட்டுல வச்சு, சிலுவை போட்டுச்சு.

அது வெறும் ஜப்பான் புறான்னு அந்த அக்காகிட்ட அப்பா ஏன் சொல்லலன்னு அந்த வயசுல எனக்கு வெளங்கல. அந்தப் புள்ளகிட்ட நானும் சொல்லல.