கிரெப்பும் ஆறு மேசைகளும்

அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு பெயர், அப்பன் பெயர், ஊர் இருக்கும். அடியில் டிக் போட ஆறு கட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைப் பார்த்த ஒரு மாடியறையில், என் முதல் வேலை அந்தச் சீட்டுகளோடுதான் தொடங்கியது. பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒப்பந்த அலுவலகம் அது. வரிக்கு ஓர் ஆளின் பெயர். மொத்தத்தையும் ஒரே கோப்பாகத் திறந்தால் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும் என்று கணக்கில்லாத சிறு கோப்புகளாக வெட்டி, ஆறு மேசைக்குப் பங்கு பிரித்திருந்தார்கள். ஐந்து மேசையில் பெண்கள், ஆறாவதில் நான். கீழே ஜன்னலில் ஒருவர் வந்து பெயர் சொன்னால் சீட்டு முதல் மேசைக்கு வரும். அவரவர் பங்கைக் கோப்பு கோப்பாகத் திறந்து, தேடி, மூடி, இல்லையென்றால் டிக் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவோம். ஒரு சுற்று முடிய மூன்று நாள்கூட ஆகும்.

சிதம்பரத்தில் படித்து முடித்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாமே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தன. ரயில் ஜன்னலோரம் கிள்ளை, பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் என்று ஊர்கள் நகர்ந்து போகும். மதியம் கடற்காற்று ஏறும்போது திரையில் பெயர்களும் அப்படியே நகரும். பிறந்தவர்கள், இறந்தவர்கள், பிறந்த அன்றே இறந்தவர்கள். பாதித் தூக்கத்தில் எது ரயில், எது பதிவேடு என்று எனக்குக் குழம்பிவிடும்.

முதல் மேசையில் இருந்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு சீட்டைப் பார்ப்பார், ஏதோ தட்டுவார், டிக் போட்டுத் தள்ளுவார். "இது நாலாவது மேசைல கெடைக்கும் பாரு" என்று முணுமுணுப்பார். அப்படியே கிடைக்கும். தாலுகாவில் உள்ள அத்தனை பேரையும் மனப்பாடம் செய்துவிட்டார் என்றே நெடுநாள் நம்பினேன். ஒருநாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றபோதுதான் பார்த்தேன். கறுப்புத் திரை. ஒரே ஒரு கட்டளை. ஆறு மேசைப் பங்கிலும் ஒரே மூச்சில் தேடி, பொருந்திய வரியை மட்டும் அது துப்பியது.

"அக்கா, இது கிரெப் இல்ல? காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்விக்கி எழுதிருக்கேன்."

"பேரு என்னமோ. மெசினு மாட்ட வந்த ஆளு அடிச்சுக் காட்டிட்டுப் போனாரு. நாலு எழுத்து அடிச்சா வருது."

"அப்பறம் ஏங்க்கா சீட்டு சுத்துது?"

அவர் திரையை மூடினார். "சீட்டு நின்னுட்டா நாம எங்கடா நிக்கிறது? போ, போயி ஒக்காரு."

போய் உட்கார்ந்தேன். நானும் அந்த ரகசியத்தில் ஒரு பங்காளி ஆனேன். வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அந்த வாரம் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும். மறுநாள்தான் கடைசி நாள். மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார். கீழே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, சீட்டு எழுதும் பையனிடம், சண்டை போடாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்: "ஏந் தம்பி, அப்ப எம்புள்ள பொறந்தது பொய்யா?"

எங்கள் சூப்பர்வைசர் காதில் அது விழுந்தது. நேரே மேலே வந்து என்னிடம் நின்றார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? எல்லாத்துலயும் ஒரே தடவைல தேடுறாப்ல ஒண்ணும் கெடையாதா?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதற்குள் முதல் மேசையிலிருந்து குரல் வந்தது. "நான் பாக்குறேன் சார். ராத்திரி யோசிச்சிட்டு வந்து காலைல சொல்றேன்." சொல்லிக்கொண்டே அக்கா ஏதோ தட்டினார், பதிவேட்டின் பக்க எண்ணைத் துண்டுத்தாளில் குறித்தார். சீட்டு சுற்றி முடியாமலே அந்த அம்மா அன்று சான்றோடு போனார்.

மறுநாள் காலை அக்கா சூப்பர்வைசரை அழைத்துக் கறுப்புத் திரையைக் காட்டினார். "ராத்திரி ஒக்காந்து கண்டுபிடிச்சேன் சார்." சூப்பர்வைசர் பத்து சீட்டுகளைக் கொடுத்தார், டீ ஆறுவதற்குள் பத்தும் முடிந்தன. கீழே வரிசை இல்லாமல் போனது. இரண்டு மாதத்தில் மேலேயும் ஆள் இல்லாமல் போனது. ஒருவர் போதும் என்றார்கள். அந்த ஒருவர், பட்டம் வாங்கியவன் என்பதால், நான்.

கடைசி நாளன்று இரண்டாவது மேசைப் பெண் என்னிடம் சொன்னாள். "ஒனக்குத் தெரியாதா? அந்தம்மா சான்று வாங்கிட்டுப் போன அன்னிக்கி சாயங்காலமே அக்கா எங்க நாலு பேரு வீட்டுக்கும் நடந்து வந்துச்சு. ‘நாளைக்கி இத குடுக்கப்போறேன், வேல போனாலும் போவும், திட்டுறதுன்னா இப்பவே திட்டிருங்கடி’ன்னுச்சு. நான் நல்லாத் திட்டுனேன்."

"என்கிட்ட மட்டும் ஏங்க்கா சொல்லல?" என்று கேட்டதற்கு அக்கா பையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டே சிரித்தார். "ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும்டா. அதுவும் நல்லதுதான். ஜன்னலாண்ட வர்றவங்கள நீ வெரட்டமாட்ட."

இப்போது வேறு வேலை, பெரிய கம்பெனி. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டி, கிரெப் எப்படிப் பிறந்தது என்று படித்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்க ஆய்வுக்கூடம். எங்கள் கம்ப்யூட்டரைவிடப் பல மடங்கு சிறிய நினைவகம். யார் எழுதியது என்று தகராறில் கிடந்த பழைய கட்டுரைகளை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை அங்கிருந்த எடிட்டருக்குள், அதாவது கோப்புகளைத் திறந்து திருத்தும் மென்பொருளுக்குள், அடங்கவில்லை. அந்த எடிட்டரில் ஒரு கட்டளை இருந்தது: முழுக்கத் தேடு, பொருந்தும் வரியை அச்சிடு. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்ததுதான் கிரெப். அந்தக் கட்டளையின் எழுத்துகளே அதற்குப் பெயர். கோப்பை முழுதாக விழுங்காமல், ஒரு வரி படித்து, வேண்டாமென்றால் விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருந்தது. தேடுவதற்கு ஒரு கருவி வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டபோது, அதைச் செய்தவர் ‘ஓர் இரவு யோசிக்கிறேன்’ என்றாராம். மறுநாள் கொடுத்துவிட்டாராம். ஆனால் அது அவரிடம் முன்பே இருந்தது, தன் சொந்த உபயோகத்துக்கு. அந்த இரவில் சின்னச் சின்னப் பிழைகளை மட்டும் திருத்தினார்.

ஆபீஸ் கண்ணாடிக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு அந்த ஆய்வுக்கூடம் தெரியவில்லை; சாயங்கால வெயிலில் பை ஒன்றை மாட்டிக்கொண்டு நான்கு வீடுகளுக்கு நடந்துபோகும் ஒரு பெண் தெரிந்தார். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் இருந்தார், பின்னால் குக்கர் விசில். கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அட, அவரும் கையில வச்சிக்கிட்டேதான் யோசிக்கிறேன்னு சொன்னாரா? கெட்டிக்காரருதான்." மகளிடம் குக்கரை இறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். "அவுரு அத குடுத்தப்பறம் அங்க எத்தன பேருக்கு வேல போச்சாம்?"

"அதப் பத்தி நான் படிக்கலக்கா."

"பாத்துச் சொல்லு."

பாடத்துக்காகச் சேர்த்து வைத்த அத்தனை பக்கங்களிலும் தேடினேன், கிரெப்பை வைத்தே. வேலை இழந்தவர், வீட்டுக்குப் போனவர், மேசை காலியானது என்று எனக்குத் தோன்றிய சொற்களையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தும் வரி கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று அது சொல்வதில்லை. ஒன்றும் பேசாமல், கர்சர் மட்டும் அடுத்த வரியில் வந்து நின்றுகொள்ளும். அப்படித்தான் நின்றது. அக்காவுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.