செனாய்க்கு மறுநாள் வந்த மாமன் பட்டு

சனிக்கிழமை காலை 8.25. திருச்சியில் விமானம் கிளம்பியபோது என் மடியில் ஏழு கிலோ முறுக்கும் அதிரசமும் இருந்தன. பையை மேலே வைக்கச் சொன்னார் பணிப்பெண். மேலே வைத்தால் பக்கத்து ஆள் தன் பெட்டியை இடித்து வைப்பான், முறுக்கு நொறுங்கிவிடும் என்று விளக்கினேன். கடைசியில் இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனார். முறுக்கைக் காப்பாற்றிய பெருமையில் நான் கண்ணை மூடினேன்.

பாலக்கரையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருக்கிறேன். ஊர் சுற்றும் ஆளல்ல. என் தங்கை வசந்தா மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் வாழ்க்கைப்பட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் போனது ஒரே தடவை. அவள் மகள் யாழினிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 9.15 முதல் 10.15 வரை முகூர்த்தம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் மணவறைக்கு வரும்போது கட்டியிருப்பது தாய்மாமன் எடுத்த பட்டாக இருக்க வேண்டும். கையைப் பிடித்து அழைத்து வருவதும் அவன்தான். மாப்பிள்ளை வீட்டுக் கூறையெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மச்சான், வசந்தாவின் கணவர், இறந்தபோது நான் போகவில்லை. சிங்கப்பூரில் இறங்கிப் பாலம் தாண்டிப் போக வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூரில் இறங்கி நாலரை மணி நேரம் பஸ். எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடியும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு போய் என்ன செய்ய என்று இருந்துவிட்டேன். வசந்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல். இந்தத் தடவை எதுவும் பிசகக் கூடாது என்று கடையைப் பூட்டிய நாளிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழி பிறந்தது ஒரு புது ஏற்பாட்டால். கல்யாணக் காலத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் மட்டும் ஓடும் விமானங்களை ஒரு கம்பெனி இந்த வருஷம் கூட்டியிருந்தது. தனியாக அல்ல, மலேசியக் கம்பெனி ஒன்றோடு கைகோத்துக்கொண்டு. டிக்கெட் போட்டுக் கொடுத்த பையன் விளக்கினான்: "அண்ணே, இவங்க கோலாலம்பூர் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. அங்கேருந்து கூட்டாளி கம்பெனி உங்கள ஜோகூர்ல இருக்கிற செனாய் ஏர்போர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரும். புதன், சனி ரெண்டு நாள். ஒரே டிக்கெட். பொட்டிய நீங்க தொடவே வேணாம்." போக வர 23,600 ரூபாய். பெட்டிக்கு முப்பது கிலோ.

பெட்டியை நான் தொடவே வேண்டாம் என்றது மட்டும் அப்படியே பலித்தது.

மாலை 5.05. கோலாலம்பூரில் குடிநுழைவு முத்திரை வாங்கி, கண்ணாடிக் கூடங்களில் அரை மணி நேரம் நடந்து, கூட்டாளி விமானத்துக்கு வந்து சேர்ந்தேன். சின்ன விமானம். இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிறது. என் தொழிலுக்கு அது பிடித்துப்போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து அது வேகமெடுப்பதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது இருக்கையும் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் திருச்சியிலிருந்து என்னோடு வந்தவர்கள். எல்லார் மடியிலும் ஒரு பை. எல்லாப் பையிலும் பலகார வாசனை. கீழே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் அளந்து நட்டதுபோல் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன.

மாலை 6.15, செனாய். அடக்கமான விமான நிலையம். மூச்சு வாங்காமல் நடந்துவிடலாம். பெட்டி வரும் பட்டையருகே நின்றோம். பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. பட்டை நின்றுவிட்டது. பதினெட்டுப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கவுன்ட்டரில் இருந்தவள் தமிழ்ப் பெண். "அங்கிள், உங்க பேக் கே.எல்.லயே இருக்கு. நாளைக்கு மொத ஃப்ளைட்ல, ஏழு முப்பத்தஞ்சுக்கு வந்துரும்."

நான் எகிறினேன். அதை மறைக்கப் போவதில்லை. டிக்கெட்டை நீட்டி, ஒரே டிக்கெட், ஒரே டிக்கெட் என்று நாலு தடவை கத்தினேன்.

"ஒரே டிக்கெட்தான் அங்கிள். ஆனா ஃப்ளைட் ரெண்டு லா. அங்கேருந்து வர்றது பெருசு, எல்லாருக்கும் முப்பது கிலோ குடுக்கும். இது சின்னது. இந்த ரூட்ல வழக்கமா ஒரு லேப்டாப் பேக்கோட வர்றவங்கதான். இன்னிக்கு எல்லாருமே முப்பது, முப்பதுன்னு போட்டிருக்கீங்க. கேப்டன் என்ன செய்வாரு?"

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "அய்யோ, சீர்த்தட்டு பூரா அதுலதான் இருக்கு" என்றார். இன்னொருவர் மாப்பிள்ளையின் கோட்டு என்றார். விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது: பதினெட்டுப் பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். உடைந்துவிடும் என்று பலகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டு உடையாது என்று பெட்டியில் போட்டிருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஜனம் இப்படிச் செய்யும்? கவுன்ட்டர் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள். எனக்கும் கோபம் பாதியில் நின்றுபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இரண்டு அதிரசம் கொடுத்தேன்.

"வேற யாராச்சும் வந்து வாங்கிக்கலாமாம்மா?"

"முடியாது அங்கிள். கஸ்டம்ஸ் இருக்கு. பாஸ்போர்ட்டோட நீங்களே வரணும்."

சிரிப்பு அங்கேயே நின்றது. மணவறைக்குப் பெண்ணை அழைத்து வர வேண்டியவனும் நான், அதே நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டியவனும் நான். செனாயிலிருந்து கோத்தா திங்கி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

வெளியே செயலியில் கார் பிடித்துக் கொடுத்தாள் அந்தப் பெண்ணே. ஓட்டுநர் பெயர் கேத்தரின். நாற்பத்தைந்து வயசு இருக்கும். உலு திராமில் வீடு. பதினாறு வருஷம் செனாய் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தக் கார் ஓட்டுகிறார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. கட்டணம் 72 ரிங்கிட். கதையைக் கேட்டதும் "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார்.

"நாளைக்கு நானே வர்றேன் அங்கிள். ஆறு மணிக்கு வீட்டு வாசல்ல நிப்பேன். ஆனா ஒண்ணு, தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லிருங்க. மறைக்காதீங்க."

இரவு 8 மணிக்கு, ஆற்றோரத்தில் இருக்கும் வசந்தாவின் வீட்டில் சொன்னேன். பந்தலில் பாத்திரச் சத்தம். வசந்தா என்னையே பார்த்தாள். வைது தீர்த்திருந்தால்கூடத் தேவலை. "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். யாழினிதான் சமாதானம் சொன்னாள்: "பரவால்ல மாமா, வரலன்னா வேற சாரி இருக்கு." செனாயில் என்ஜினியராக இருக்கும் பெண், எதற்கும் மாற்று ஏற்பாடு வைத்திருப்பாள்.

ஞாயிறு காலை 7.10. செனாய். பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். சீர்த்தட்டு அம்மாள் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. 7.35 என்று இருந்த பலகை 8.05 என்று மாறியது. நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

8.07க்குத் தரையிறங்கியது. 8.26க்கு என் பெட்டி வந்தது. சுங்க அதிகாரி திறக்கச் சொன்னார். மேலாகவே அந்தப் பட்டு இருந்தது, மாம்பழ நிறம், அரக்குக் கரை. அவர் மலாய்க்காரர். பட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த என்னையும் பார்த்தார். "கஹ்வின்?" என்றார். கல்யாணமா என்று கேட்கிறார் எனப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். தலையாட்டினேன். அவரே பெட்டியை மூடிக் கொடுத்து, ஓடு என்பதுபோல் கையை வீசினார்.

8.31. கேத்தரின் விரைவுச்சாலையில் ஏறினார். மழையில் முன்னால் போகும் லாரியின் விளக்கு மட்டும் தெரிகிறது. உலு திராமில் இறங்கும் இடத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நான் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது.

"அங்கிள், நீங்க கேட்டா ரோடு சின்னதாகாது. ஜெபம் பண்ணுங்க. உங்க சாமிய நீங்க கூப்பிடுங்க, எங்க மாதாவ நான் கூப்பிடுறேன். யாரு ஃப்ரீயா இருக்காங்களோ வரட்டும்."

பிறகு நெரிசலை விட்டு ஒரு கம்பத்து வழியாகத் திருப்பினார்; கிராமத்தை அங்கே கம்பம் என்கிறார்கள். ரம்புத்தான் மரங்கள், மலாய் வீடுகள், வாசலில் கோழிகள். அவருக்குப் பழகிய பாதை. கால் மணி நேரத்தில் கோத்தா திங்கி நெடுஞ்சாலையில் மறுபடி ஏறினோம். இருபுறமும் செம்பனை. மழை விட்டிருந்தது.

9.33. கோயில் வாசலில் வசந்தா நின்றிருந்தாள். பட்டுச் சேலை, தலையில் பூ இல்லை, கையில் குடை. புடவைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காரை விட்டு நான் இறங்கியதும் பெட்டியை அவள் பார்க்கவில்லை. என் கையைத்தான் பிடித்தாள். இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பட்டைக் கட்டி முடிக்கப் பெண்களுக்குப் பதினான்கு நிமிஷம் ஆனது. 9.52க்கு மருமகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தேன். அவசரத்தில் என் வேட்டி தடுக்கியது. "மெதுவா மாமா, நான்தான் உங்கள கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று காதில் சொன்னாள். முகூர்த்தம் தாண்டுவதற்குள் தாலி ஏறியது. பத்தே முக்காலுக்குப் பந்தியில் உட்கார்ந்தோம். கேத்தரினை வலுக்கட்டாயமாகப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் வாழையிலையில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார்.

அன்று மதியம் யாழினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, காலைல எட்டரையிலேருந்து அம்மா வாசல்லயே நின்னாங்க. வேற சாரி கட்டிக்கிறேன்னு சொன்னேன், கேக்கல. ஐயர் கூப்பிட்டாரு, வரல. எங்கண்ணன் வந்துக்கிட்டிருக்கான்னு ஒரே வார்த்த. யாருக்காகவும் அவங்க அப்படி நின்னு நான் பாத்ததில்ல. நான் அவரோட ஜோகூர் பாருக்குப் போயிட்டா அம்மா இங்க தனியாத்தான் இருக்கணும். உங்ககூட கூட்டிட்டுப் போங்க." கைபேசியைக் காட்டினாள். புதன்கிழமை விமானத்தில் என் பக்கத்து இருக்கையை அதற்குள் வாங்கியிருந்தாள்.

புதன் காலை 9.20. செனாய் கவுன்ட்டரில் அதே பெண். திரும்பும் தேதி என்ன போடட்டும் என்று வசந்தாவைக் கேட்டாள். "சீசன் இன்னும் ரெண்டு வாரந்தான் ஆன்ட்டி. அதுக்கப்புறம் அடுத்த ஸ்கூல் லீவுக்குத்தான் இந்த ஃப்ளைட் ஓடும்."

"அப்ப அடுத்த லீவுக்கே போடும்மா" என்றாள் வசந்தா. என்னை ஒரு பேச்சு கேட்கவில்லை.

விசிறி சுற்றத் தொடங்கியது. ஜோகூர் கீழே இறங்கியது: தொழிற்சாலைக் கூரைகள், நெடுஞ்சாலை, பிறகு செம்பனை, செம்பனை. நாலு நாளில் ஒரு ஊரைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஒரு சுங்க அதிகாரியும் ஒரு கேத்தரினும் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். திருச்சியில் என் கடைத் தெருவில் வெளியூர்க்காரன் ஒருவன் இப்படித் தவித்து நின்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே" என்றாள் வசந்தா. ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "அவரு போனப்ப நீ வரல."

நான் இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டேன்.

"ஆறு வருஷமா கோவம். போன்ல எப்பிடித் திட்டறது? நீ வச்சிட்டுப் போயிருவ. பக்கத்துல உக்காரட்டும்னு இருந்தேன்."

பிறகு திட்டத் தொடங்கினாள். கோலாலம்பூர் வரையிலான ஒரு மணி நேரம் அவளுக்குப் போதவில்லை. விமானம் மாறி உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். திருச்சிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. எனக்கு அவசரமே இல்லை.