மண்ணடைத்த சைலன்சர்

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் எங்கள் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். பைக் வாங்கவில்லையா என்று கேட்டவர்களிடம் சிக்கனம் என்று சொல்வேன். உண்மையில் லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலே ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற கையோடு அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஓட வைக்கிறேன் என்று இறங்கினேன். அது வீரத்தில் செய்த காரியம் அல்ல, கோபத்தில் செய்தது.

மைசூரில் செய்த வண்டி அது. ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். உதைக்கிற கம்பியையே மடக்கிவிட்டால் கியர் கம்பி ஆகிவிடும். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா வாங்கினார். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் லைனிலேயே முதல் மோட்டார் சைக்கிள். இரண்டு வருடம்கூட ஓட்டவில்லை. ஒருநாள் ரிப்பேர் என்று சொல்லி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான். மீட்டர் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு கிலோமீட்டரில் நின்றுபோனது. ஞாயிறு தவறாமல் வண்டியைத் துடைப்பார், ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார். பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்பார். மைசூர் என்ன சீமையிலா இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் அதற்குக் கண்காட்சி வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டப் பயமா இருந்தா வித்துடுங்க" என்றேன்.

அப்பா நிமிராமல், "ஆமாம்பா. பயம்தான்" என்றார்.

அவர் சுரங்கத்தில் பிளாஸ்டர். தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஏழாயிரம் அடிக்குக் கீழே போய், பாறையில் போட்ட துளைகளுக்குள் வெடிமருந்தை வைத்து வெடிக்கச் செய்கிற மனுஷன். அவருக்கு பங்காரப்பேட்டை ரோட்டைப் பார்த்துப் பயமாம். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு இளக்காரம் வந்துவிட்டது. என் பயத்தைக்கூட அவரிடமிருந்து வந்த சொத்து என்றே நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் தூசு உறைந்து, பல வருடம் இழுத்து, நாலு வருடத்துக்கு முன்னால் அவர் போய்ச்சேர்ந்தார். இளக்காரம் மட்டும் போகவில்லை. அந்த வண்டியில் ஒரு தடவையாவது பக்கத்து ஊரான பூதிகோட்டை வரை போய்வந்து காட்ட வேண்டும் என்று இருந்தது. யாருக்குக் காட்டுவது என்று யோசிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "அது ஓடாதுடா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, ஓடாது என்றால் ஓடாது, ஆகிற வேலையைப் பார் என்றாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இப்படியா வாய் வைப்பாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், சுரங்கத்தில் டிரில் பிடித்தவரின் மகன். டயர் மக்கிப்போனதால் வண்டியை எங்கேயும் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்கே வந்து வேலை செய்தார். முதல் வாரம் மண்ணெண்ணெய் ஊற்றி, இறுகிப்போன பிஸ்டனை விடுவித்தார். இரண்டாவது வாரம் பிளக், கார்ப்பரேட்டர், வயர் எல்லாம் சரி செய்தார். மாற்றி மாற்றி அறுபது உதையாவது உதைத்திருப்போம். வண்டி உறுமக்கூட இல்லை. மூன்றாவது வாரம், சைலன்சரில் கரி அடைத்திருக்கும், கழற்றிப் பார்க்கலாம் என்றார். சைலன்சரைப் பிடித்திருந்த நட்டு துருவேறி அசையவில்லை. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அதைப் பழுக்கக் காய்ச்சினார். சுத்தியால் நாலு போடு போட்டார். ஒரு சைலன்சர் கையோடு வந்தது.

அதைத் திருப்பித் தரையில் தட்டினார். வாலிலிருந்து குளவிக் கூடு உடைந்து விழுந்தது. கூட்டுக்குப் பின்னால் துளையில் ஒரு மரக்கட்டை வட்டமாக, கச்சிதமாக அடித்து இறக்கப்பட்டிருந்தது. கட்டையின் ஓரத்தில் காய்ந்த களிமண் தெரிந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்தியிருப்பான். எங்கள் ஊரில் பிறந்தவன் குத்த மாட்டான். துளையில் மருந்தை வைத்த பிறகு களிமண்ணை உருட்டி, மரக்கோலால் தள்ளி வாயை அடைப்பார்கள். இரும்பு படவே கூடாது. வெடிக்காமல் நின்றுபோன துளை இருந்தால், அதில் ஒரு மரக்கட்டையை அடித்துவிட்டு வருவார்கள். உள்ளே மருந்து உயிரோடு இருக்கிறது, அடுத்த ஷிப்டுக்காரன் தொடாதே என்று அதற்கு அர்த்தம். மண்ணும் கட்டையும் சேர்ந்திருந்தால் என்ன என்று லைனில் விளையாடுகிற குழந்தைகூடச் சொல்லும்.

மெக்கானிக் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். தூங்குகிற குழந்தையை இறக்குவது போல சைலன்சரைச் சாக்கின் மேல் இறக்கினார். இன்னொரு சைலன்சரின் வாலில் விரலால் தடவிப் பார்த்தார். அதிலும் கட்டை இருந்தது.

"ணா, உங்கப்பா இன்னா வேலை?"

"பிளாஸ்டர்" என்றேன்.

அவர் எழுந்து கொட்டகையை விட்டு வெளியே போய், தெருவைத் தாண்டி எதிரே இருந்த வாய்க்கால் கல்வெர்ட்டில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

வெடிக்காத துளையை அரை மணி நேரம் யாரும் நெருங்கக் கூடாது என்பது சுரங்கத்துச் சட்டம். நாற்பது வருடமாகச் சும்மா கிடந்த வண்டிக்காக நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது என் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. டார்ச்சின் நெருப்பும் சுத்தியின் அடியும் திரும்பத் திரும்ப மனதில் ஓடின. அந்தக் காலத்தில் ஏரியில் மருந்தைப் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லைனில் திடீரென்று மீன் மலிந்துவிடும், யாரும் தூண்டில் பற்றிப் பேச மாட்டார்கள். அப்பாவும் அதில் ஒரு ஆளா? சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து இதற்குள்ளேயா ஒளித்துவைத்தார்? பழைய மருந்து வேர்த்துவிடும், வேர்த்த மருந்து பக்கத்தில் தும்மக்கூடாது என்று அவரே சோறு தின்றுகொண்டே சொல்லியிருக்கிறார்.

ஒட்டு ஒட்டாக எட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. கொட்டகைக்கு இருபது அடி தள்ளி, எங்கள் சமையலறையில் அம்மா.

போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். ஸ்டேஷனில் முதலில் தன்னைத்தான் உட்கார வைப்பார்கள், தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றார் மெக்கானிக். எனக்கு வேறு பயம். நாளைக்கு அப்பாவின் பேர் பேப்பரில் வரும். சுரங்க வாசல் சோதனையில் ஒரு தடவைகூடப் பிடிபடாத மனுஷனை, செத்த பிறகு மகன் பிடித்துக் கொடுத்தான் என்று ஊர் பேசும். அதற்காகச் சும்மா இருந்து எட்டு வீடும் போனால்? முதலில் அம்மாவை வெளியே கொண்டுவருவது, பிறகு போன் செய்வது என்று முடிவெடுத்தேன். கொட்டகைப் பக்கம் போகாமல் பின்வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு ஒரு பாத்திரத்தில், தோல் முறத்தில். சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் வா என்றேன். சித்தி ஊரிலேயே இல்லை என்றாள். சர்ச்சு தெரு வரை நடக்கலாம் என்றேன். நேற்று வரை முட்டிவலி என்று கிடந்தவளை இன்றைக்கு எதற்கு நடக்கக் கூப்பிடுகிறாய் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி கீற?"

சொல்லிவிட்டேன். சைலன்சருக்குள் மண் அடைத்திருக்கிறது, அப்பா உள்ளே மருந்து வைத்திருப்பார் போலிருக்கிறது, எழுந்திரு என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. இன்னும் நாலைந்து கொட்டையைப் பிதுக்கினாள். பிறகு கையை உதறினாள்.

"அந்த மண்ணு நான் வெச்சதுடா."

அதற்குப் பிறகு அவள் சொன்னது இதுதான். எங்களுக்கு அடுத்த லைனில் ஒருவர் இருந்தார். கீழே பாறை வெடித்துச் சரிந்து, இரண்டு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்த ஆள். அவர் புது ஸ்கூட்டர் வாங்கிய மாதமே பங்காரப்பேட்டை ரோட்டில் லாரியில் மாட்டிப் போய்விட்டார். அம்மா சாவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பு மெழுகுகிற களிமண்ணைப் பிசைந்தாள். துளைக்கு மண் அடைப்பது எப்படி என்று அவர் எப்போதோ வேடிக்கையாகச் செய்துகாட்டியது ஞாபகம் இருந்தது. அதே மாதிரி உருட்டி, அகப்பைக் காம்பால் தள்ளி, இரண்டு சைலன்சரையும் அடைத்துவிட்டாள்.

இதைக் கேட்டவுடன் எனக்குச் சுரங்கத்து வைண்டிங் இன்ஜின் ஞாபகம் வந்தது. கேஜை ஏற்றி இறக்குகிற அந்த இயந்திரத்தின் சத்தம் லைன் வீடுகளில் ராத்திரி பகல் கேட்டுக்கொண்டே இருக்கும். நேரங்கெட்ட நேரத்தில் அது நின்றால், பெண்கள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சத்தம் திரும்ப வந்தால் உள்ளே போவார்கள். அம்மா அப்படி நின்றதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"கேஜ நான் நிறுத்த முடியுமா? இது ஒண்ணுதான் என் கைக்கு எட்டுச்சு" என்றாள். "அவருக்குத் தெரியாதுடா. சாகற வரைக்கும் தெரியாது. பாவம், ரிப்பேருன்னே நெனச்சிக்கினு தொடச்சிக்கினு இருந்தாரு."

"கட்டை?" என்றேன்.

"இன்னா கட்டை?"

"மண்ணுக்கு மேல மரக்கட்டை அடிச்சிருக்குதும்மா. ரெண்டுலயும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "கட்டை நான் வெக்கலயே" என்றாள்.

அவள் சொன்னதெல்லாம் எனக்குக் காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்த்து லைன் கோடியில் உட்கார வைத்தேன். வண்டியில் பெட்ரோல் ஒழுகுகிறது என்று அவர்களிடம் பொய் சொன்னேன். மண் அம்மா வைத்தது என்று தெரிந்ததால் போலீசுக்கு மட்டும் போன் செய்யவில்லை. மெக்கானிக் கட்டைகளில் ஒரு ஸ்க்ரூவைக் கையாலேயே திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்து எடுத்தார். இரண்டு சைலன்சரையும் தண்ணீரில் முக்கினோம். மண் ஊற ஊற மரக்குச்சியால் சுரண்டினோம். சாயங்காலம் ஆனது. அடுப்பு மண் செக்கச்செவேல் என்று கரைந்து வந்தது. அதற்குப் பின்னால் கரி இருந்தது. அதற்கும் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் குழாயைப் பார்த்த பிறகுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

கட்டைகளைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். நுனி சிறுத்து, அடி பருத்து, கத்தியால் பொறுமையாகச் சீவிய கட்டைகள். அந்தச் சீவலை எனக்குத் தெரியும். என் பம்பரத்துக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்கும் அதே கைதான் சீவிக் கொடுத்தது. வாழ்நாளெல்லாம் துளைக்கு மண் அடைத்தவருக்கு, தன் வண்டியில் இருக்கிற மண்ணை அடையாளம் தெரியாமலா போகும்? யார் வைத்தது, ஏன் வைத்தது எல்லாம் தெரிந்திருக்கிறது. மண்ணைக் குத்தி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அவர் அதன் மேல், யாரும் தொடாதே என்று கட்டை அடித்திருக்கிறார்.

அம்மா கட்டைகளை மடியில் வைத்து முந்தானையால் மறுபடி துடைத்தாள். "அவரு என்னை ஒரு வார்த்தை கேக்கலயேடா" என்றாள்.

நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஆமாம்பா, பயம்தான் என்று அவர் சொன்னாரே தவிர, யாருடைய பயம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வார்த்தைக்காக, வயது வித்தியாசம் பார்க்காமல், மெக்கானிக் எதிரிலேயே அழுதேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நடை நடந்து பேப்பரையும் சரிசெய்தேன். ஒரு காலையில் பூதிகோட்டை வரை போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். தடுக்கவில்லை. தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டைச் சுற்றி மெயின் ரோட்டில் ஏறினேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் என்னைக் குறிவைத்தே வருவது போல இருந்தது. ஆனாலும் வண்டி ஓடியது. நாலு கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். அதற்கு மேல் மனம் போகவில்லை. திருப்பிக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். கை முழுக்க மாவு. எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன்.

"சத்தம் நின்னுபோச்சுடா. அதான் வந்தேன்" என்றாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறேன். எங்கள் லைனைச் சுற்றி, அடுத்த லைனைச் சுற்றி, மேட்டின் இந்தப் பக்கம் வரை. சத்தம் ரொம்ப அதிகம், உள்குழாயை மாற்றினால் அடங்கிவிடும் என்று மெக்கானிக் சொன்னார். வேண்டாம் என்றேன். மீட்டர் இரண்டாயிரத்து நூற்று அறுபதைத் தாண்டியிருக்கிறது. பூதிகோட்டைக்கு இன்னும் போகவில்லை.