புதுவாழ்வு நகரில் பால் பொங்கவில்லை

சகாயம்மாள் குடியிருந்த இடத்துக்கு முகவரி கிடையாது. வாய்க்கால் கரையில், பாலத்துக்குக் கிழக்கே, தார்ப்பாயும் பழைய பிளெக்ஸும் போர்த்திய குடிசைகளில் ஒன்று. கூரைமேல் ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி படுத்திருந்தார்; மழை பெய்தால் அவர் மூக்கு வழியாகத்தான் ஒழுகும். ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த வீட்டைப் புயல் கொண்டுபோனபின், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவும் வேலையை நம்பி நகரத்துக்கு வந்தவள். விடியற்காலை இட்லிக் குண்டானில் ஆரம்பித்தால் ராத்திரி ரசவாளி வரைக்கும் கை காயாது.

திடீரென்று நகரத்துக்கு அந்தக் கரைமேல் அக்கறை வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் நடக்க நடைபாதை வேண்டுமாம். ஒரு சங்கம் கரையைக் காலி செய்யச் சொல்லி மனுக் கொடுத்தது. இன்னொரு சங்கம் கரையில் இருப்பவர்களுக்குப் போர்வை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே.

கடைசியில் உத்தரவு வந்தது: முதலில் மாற்று வீட்டில் குடியேற்ற வேண்டும், பிறகு குடிசைகளைப் பிரிக்கலாம். மாற்று வீடு ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், தூர்ந்துபோன ஏரிக்குள், தகரக் கூரை வரிசை. பெயர் புதுவாழ்வு நகர்.

புதன்கிழமை காலை எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் பொக்லைன் வந்து நின்றது. குடியேறிய செய்தி கிடைத்ததும் அதற்கு வேலை.

புதுவாழ்வு நகரில் வாழைமரம் கட்டியிருந்தது. உதவிப் பொறியாளர் தமிழரசன் வீட்டுக்கொரு கேஸ் அடுப்பும் புதுக் குண்டானும் பால் பாக்கெட்டும் கொடுத்தார். புகைப்படக்காரருக்கு எதிரே, முதல் வீட்டு வாசலில் சகாயம்மாளை நிறுத்தினார்.

"பாலைக் காய்ச்சுங்கம்மா. பொங்குறப்ப ஒரு போட்டோ, குடிவந்ததுக்கு அத்தாட்சி. அதோட வேலை முடிஞ்சுது."

முடிந்துவிடும் என்பதுதான் சகாயம்மாளை உறுத்தியது. பால் பொங்கினால் குடிவந்தாயிற்று. குடிவந்தவர்களை எவன் திரும்பிப் பார்ப்பான்? இங்கிருந்து முதல் பஸ் கிளம்புவதற்குள் மண்டபத்தில் பந்தியே முடிந்திருக்கும். கூரை இருக்கும், சோறு இருக்காது.

"பாத்திரம் புதுசு சார். கழுவாம எப்புடிப் பால் ஊத்துறது?" என்று குழாயைத் திருகினாள். குழாய் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

"தண்ணி நாளைக்கு வந்துரும்மா."

"அப்ப பாலும் நாளைக்கே பொங்கட்டும்."

தமிழரசன் தம்முடைய தண்ணீர் பாட்டிலையே நீட்டினார். சகாயம்மாள் வாங்கி, இரண்டு வாய் குடித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

தமிழரசன் பழைய இரும்பு பொறுக்கும் ஐயாவு பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க காய்ச்சுங்க."

"நான் காய்ச்சுனதெல்லாம் வேற சார். போலீஸ்காரங்க நிக்கிறாங்க, விட்டுருங்க."

காவலுக்கு வந்த போலீஸ்காரரே சிரித்துவிட்டார். தமிழரசனுக்கு முகம் சிவந்தது.

"காய்ச்சலைன்னா வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவோம். அப்புறம் கரையும் இல்ல, வீடும் இல்ல. யோசிச்சுக்குங்க."

சிரிப்பு நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஷோபனா அடுப்பைப் பார்த்தாள். சகாயம்மாள் குண்டானைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"குடுங்க சார். அவங்களையாச்சும் காலைல நாலு மணிக்கு இங்கேருந்து மண்டபத்துக்கு நடக்கச் சொல்லுங்க. வீடு வேணாம்னு யாரு சொன்னா? வேணும். தண்ணியும் பஸ்ஸும் வரட்டும்."

ஷோபனா தன் குண்டானைக் கவிழ்த்தாள். அப்புறம் ஐயாவு. அப்புறம் வரிசை முழுக்க டங்கு டங்கென்று சத்தம். வந்ததற்கு ஒரு படமாவது வேண்டுமே என்று புகைப்படக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

தமிழரசன் வாழைமரத்து மறைவில் போய் மேலதிகாரியிடம் போன் பேசினார். "இல்ல சார், பொங்கல... கேஸ் எல்லாம் இருக்கு சார்... உக்காந்துருக்காங்க சார்... குண்டான் மேல சார்."

அந்தப் பக்கம் என்ன திட்டு விழுந்ததோ, திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. குடியேறவில்லை என்றால் உத்தரவுப்படி கரையில் கைவைக்க முடியாது. தமிழரசன் பொக்லைனைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

"எப்பதாம்மா காய்ச்சுவீங்க?"

"முதல் பஸ்ஸு நாலு மணிக்குன்னு இங்க ஒரு போர்டு வைங்க. அன்னைக்கே காய்ச்சுறேன்."

கரைக்குத் திரும்பும் வேனில் முதல் ஆளாக ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தாள். "மண்டபத்து வாசல்ல நிறுத்துங்க தம்பி," என்றாள் டிரைவரிடம். "இன்னைக்கு ரிசப்ஷன். பிரியாணி அண்டா கிடக்கும்."