இருநூறாவது காலித் தோட்டா

எங்கள் பள்ளி மாணவியர் படையின் சார்ஜண்ட்டைப் பற்றி யார் எழுதினாலும் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள். நான் எழுதினால் அப்படி வராது. இருந்தாலும் முதலில் நல்லதையே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவள் ஒரு குரல் கொடுத்தால் நாற்பது ஜோடி பூட்ஸும் ஒரே சத்தமாக விழும். கூடாரம் அடிப்பது, முதலுதவிக் கட்டுப் போடுவது, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் அவள்தான் முதல். எட்டு மைல் நடைப் பயிற்சியில் கால் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிட்ட ஒரு கேடட்டின் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த கேடட் நான்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. உயரவாரியாக நிற்கச் சொன்னால் வரிசையின் கடைசியில் நிற்பேன். அதனால் எல்லாருக்கும் நான் குட்டை.

சனிக்கிழமை தோறும் பயிற்சி. சாமான் அறைச் சுவரில் எங்கள் படையின் லட்சியங்களை நீலப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள்: ஒழுக்கம், உண்மை, தலைமை, சேவை. அணிவகுப்புக்கு முன்னால் அதைத் தொண்டை கிழியக் கத்துவோம். சேவை என்றால் செடி நடுவது. நாங்கள் நட்டதை ஆடு தின்னும். அடுத்த வருஷம் அதே குழியில் மறுபடி நடுவோம். கேலி செய்கிறேனே தவிர, எனக்கு அந்த உடுப்பு உயிர். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் நான் குட்டை என்பதே எனக்கு மறந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு முறை துப்பாக்கி சுடும் பயிற்சி. ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி, அன்றைக்கே ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். நாற்பது பேர், இருநூறு காலித் தோட்டா. ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அந்த வருஷம் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுதான் இருந்தது.

கடைசி அணியில் நான் சுட்டேன். எனக்கு வலது பக்கத்தில் சார்ஜண்ட் படுத்துச் சுட்டாள். என் விரிப்பில் நான்கு காலித் தோட்டாக்கள்தான் கிடந்தன. நாற்பது பேரும் முட்டி போட்டுப் புல்லை விரலால் கோதினோம். டிரில் சார் ராணுவத்திலிருந்து எங்களுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. எல்லாரையும் சோதனை போடச் சொன்னார். சார்ஜண்ட்தான் போட்டாள். பாக்கெட், சாக்ஸ், பின்னல், ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றையும் விடவில்லை. சோதனை போட்டவளை யாரும் சோதிக்கவில்லை.

இருட்டியதும் டிரில் சார் என்ன நினைத்தாரோ, எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, காலித் தோட்டா என் பைக்குள் இருந்து கிடைத்துவிட்டது என்று டிரில் சார் அறிவித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சார், நான் எடுக்கலை சார்" என்று அழுதேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. என் பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றச் சொல்லி சார்ஜண்ட்டுக்கு உத்தரவு போட்டார். அவள் நேராக நடந்து வந்தாள், நின்றாள், கழற்றினாள். அவளுடைய விரல்கள் சில்லிட்டிருந்தன.

அன்று முதல் நான் தோட்டாத் திருடி. அப்பா தையற்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. விஷயத்தைக் கேட்டதும் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தார். "என் பொண்ணையா திருடிங்கறான்? இப்பவே போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று போனார். விளக்கு வைத்தபிறகு திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "படிச்சது போதும். நாளைலேர்ந்து மெஷின்ல உக்காரு" என்றார். அப்பாவே நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பள்ளிக்கூடம் நின்றுபோனதைவிட அதிகமாக வலித்தது. அடுத்த மாதத்திலிருந்து படைக்கு உடுப்பு தைக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. திருடியின் அப்பாவுக்கும் வேலை தருகிறாரே, டிரில் சாருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே மெச்சியது.

சார்ஜண்ட் தலைநகரத்து அணிவகுப்புக்குப் போனாள். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருத்தி. பதக்கம் வாங்கினாள். அந்தச் சான்றிதழைக் காட்டிப் பெண்கள் சிறையில் காவலர் வேலையும் வாங்கிவிட்டாள். தினமும் காலையிலும் மாலையிலும் கைதிகளை எண்ணிக் கணக்குக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, வீடு கட்டினாள். எனக்கு வந்த வரன்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே முப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். உடம்பு பெருத்திருந்தாள். முதுகு மட்டும் அதே நேர்.

"ஸ்கூல்ல படையோட ஆண்டு விழாவாம். என்னைச் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டிருக்காங்க" என்றாள்.

"நல்லது. அதுக்குத்தான் நானும் தைச்சிட்டிருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதைப் பார்த்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள். என் துப்பாக்கியிலிருந்து வலது பக்கம் தெறித்த காலித் தோட்டா அவளுடைய சட்டைக் கையின் மடிப்புக்குள் விழுந்திருக்கிறது. அன்று ராத்திரி துவைக்க மடிப்பைப் பிரித்தபோது அது தரையில் உருண்டிருக்கிறது. திங்கட்கிழமை விடிந்ததும் டிரில் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"அவரு தலைல கைய வச்சுக்கிட்டாரு. சனிக்கிழமையே இன்னொரு ஸ்கூல் சார்கிட்ட ஒண்ணு கடன் வாங்கி, இருநூறா ஒப்படைச்சிட்டாராம். ஏன் லேட்டுனு கிடங்குல எழுதிக் கேட்டாங்களாம். ஒரு கேடட் ஒளிச்சு வச்சிருந்தா, அவ பையிலேர்ந்து எடுத்தேன்னு உன் பேரைப் போட்டு எழுதிக் குடுத்துட்டாராம். இப்ப இதையும் குடுத்தா இருநூத்தி ஒண்ணு. குறைஞ்சா தேடுவாங்க, கூடினா என்னை உள்ள தள்ளுவாங்கன்னாரு. கிணத்துல போட்டுட்டு வாயை மூடிக்கச் சொன்னாரு. தலைநகர் பரேடு லிஸ்ட்ல என் பேர் இருக்கு, அதை மறந்துடாதேன்னாரு."

"அப்ப என் பெல்ட்டைக் கழட்டும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

ஊசி விரலில் ஏறியது. அது எனக்கு உறைக்கவில்லை. அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அதே கையால் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நான் திருடியில்லை என்று இன்னொரு வாய் சொல்லி முதல் முறையாகக் கேட்கிறேன் இல்லையா?

"மேடைல சொல்லு" என்றேன்.

"மேடைலயா? அந்த சாரே செத்துட்டாருடி. எனக்கு அடுத்த வருஷம் பிரமோஷன். இப்பப் போய்..."

"சரி. உள்ள எங்கப்பா இருக்காரு. அவர்கிட்டயாவது சொல்லு. முப்பத்திரண்டு வருஷமா திருடியைப் பெத்தவன்னு தலைகுனிஞ்சு கிடக்காரு. சாகறதுக்கு முன்னாடி அவர் காதுல இது விழட்டும்."

அதற்கு மட்டும் சம்மதித்தாள். உள்ளே அழைத்துப் போனேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணில் புரை விழுந்திருந்தாலும் காது பாம்புச் செவி. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சார்ஜண்ட் கால்மாட்டில் விறைப்பாக நின்று, எனக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார், என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்மா" என்றார் அப்பா.

"என்னப்பா தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். சண்டை போடத்தான் போனேன். அந்த ஆளு என் கால்லயே விழுந்துட்டான். உண்மைய எல்லாம் சொல்லிட்டான். கிளறினா என் வேலை போயிடும், பிள்ளைக் குட்டிக்காரன்னு அழுதான். படையோட உடுப்பு வேலைய மொத்தமா உங்களுக்கே தரேன்னான். அப்ப கடை ஈயடிச்சிட்டிருந்துச்சு. பொம்பளப் பிள்ளை படிப்புதானே, போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

சார்ஜண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி படர்ந்துகொண்டிருந்தது. தன்னைவிடப் பெரிய குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதி. "நான் கிளம்பறேன்" என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வாசல் வரை போய் வழியனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

"ஊரு என்னைத் திருடின்னுச்சு. நீங்களும் அப்படித்தான் நினைக்கறீங்கன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷமும் செத்துக்கிட்டிருந்தேன். என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேப்பா."

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீ சும்மா மெஷின்ல உக்காந்திருப்பியா?" என்றார்.