போர்டில் இல்லாத வரி

எனக்கு அறுபத்தாறு வயது. வளர்த்தது ஒன்பது பிள்ளைகள். அதில் மூன்று நான் பெற்றது. மற்ற ஆறும் துபாயிலும் சார்ஜாவிலும் சம்பளத்துக்கு வளர்த்தது. சம்பளத்துக்குத்தானே என்று எதையும் குறைத்து வளர்க்கவில்லை. ஒன்பதில் ஒன்றுகூட என் கையில் இருக்கும்போது படியில் விழுந்து பல்லை உடைத்தது கிடையாது.

ஊர் உவரிக்குப் பக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் என்றால் பாஸ்போர்ட்டில் என் பெயர் எது என்று தெரியும், அவ்வளவுதான். இப்போது சார்ஜாவில் ரோலா பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதிக் கேட்டார்கள், புதிதாக வருகிற பெண்களுக்கு உதவும் என்று. சமையல் குறிப்பு வரும் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதுவது ஒரு பெஞ்சைப் பற்றி. இரண்டு பெஞ்சு என்றும் சொல்லலாம்.

1. பச்சை போர்டு

துபாயில் அது ஒரு வில்லா காம்பவுண்ட். நாற்பது வீடு, நடுவில் தோட்டம். என் முதலாளியும் மேடமும் தமிழ் ஆட்கள்தான். நம் பாஷை பேசுகிற வீடு கிடைத்ததே என்று போன புதிதில் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். அவர்கள் மகள் தியாவுக்கு அப்போது இரண்டு வயது.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தோட்டத்துக்குப் போனேன். கறுப்பு இரும்புக் கால் வைத்த அழகான பெஞ்சுகள். உட்கார்ந்து மூச்சு விடவில்லை, செக்யூரிட்டி வந்துவிட்டான். முருகேசன், சிவகங்கைப் பக்கத்துப் பையன்.

“அக்கா, எந்திரிங்க. மெய்டுக உக்காரக் கூடாது.”

“யாரு சொன்னா?”

“போர்டு போட்டிருக்குல்ல.”

வாசலில் பச்சை போர்டு இருந்தது. வெள்ளை எழுத்து, முழுக்க இங்கிலீஷ். போர்டு என்றால் போர்டுதான். எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நின்றேன். நான் மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸ்காரி, சிலோன்காரி, எல்லா ஆயாக்களும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்போம். பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். இரண்டாவது வருஷம் என் இடது காலில் நரம்பு சுருள ஆரம்பித்தது. டாக்டர், நிற்காதே என்றார். நிற்பதுதான் என் டியூட்டி என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

2. கறுப்பு பைப்பு

கோடை வந்தால் அந்த வீடு லண்டனுக்குப் போகும். ஒரு மாதம். பிள்ளையைப் பார்க்க இரண்டாவது வருஷத்திலிருந்து நானும் போவேன். தங்கும் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்கா. ஒரு காலத்தில் ராஜா மான் வேட்டை ஆடின காடாம் அது. இப்போது வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம்.

முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தடியில் குனிந்து தேடினேன். “என்ன ரோசம்மா தொலைச்சீங்க?” என்றார் சார்.

“பைப்ப காணல சார்.”

துபாயில் ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் தண்ணீர் சொட்டுகிற ஒரு கறுப்பு பைப்பு உண்டு. அதைப் பிடுங்கினால் ஒரு வாரத்தில் மரம் போச்சு. இங்கே நான்கு பேர் கை கோர்த்தாலும் அணைக்க முடியாத மரம், பைப்பே இல்லாமல் நிற்கிறது. யாருடைய தயவும் வேண்டாம் அதற்கு. அந்த மரத்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மரத்தை மட்டும் இல்லை. கோட்டுப் போட்ட ஆபீஸ்காரன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடப்பான். பக்கத்திலேயே குப்பை பொறுக்குகிறவர் தன் சாப்பாட்டைப் பிரிப்பார். யாரும் யாரையும் எழுப்பவில்லை. எங்கள் சார் சொல்வார், “நம்ம காம்பவுண்ட் கார்டனே இந்தப் பார்க்கைப் பார்த்துத்தான் டிசைன் பண்ணினது.” உண்மைதான். அதே விளக்குக் கம்பம், அதே இரும்புக் கால் பெஞ்சு. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே பெஞ்சின் முதுகில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருந்தது. அதில் எழுத்து.

மேடம் அந்தப் பெரிய மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் ஓரமாக உட்காரப் போனேன்.

“ரோசம்மா, இது பேர் போட்ட பெஞ்ச். புக் பண்ணினவங்கதான் உட்காரணும். ஓனர் வந்தா அசிங்கமாயிடும். நாங்க புக் பண்ணியிருக்கோம்.”

நம்பினேன். துபாயில் கார் நிறுத்துகிற இடத்துக்கே பேர் போட்டு வைக்கிறார்களே. புல்லில் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால் எழும்ப என் முழங்கால் விடாது. ஆகவே நின்றேன். மூன்று கோடை, அந்த மரத்தடியில், அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில்.

3. மார்கரெட்

மூன்றாவது கோடையில் தியாவுக்கு ஆறு வயது. கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற வயது. கடை போர்டு, பஸ் நம்பர், பிஸ்கட் கவர், ஒன்றையும் விடமாட்டாள். ஒரு நாள் மேடம் காபி வாங்கப் போயிருந்தார். தியா பெஞ்சில் முழங்கால் போட்டு, விரல் வைத்துத் தகட்டை வாசித்தாள்.

“மார்கரெட். இன் மெமரின்னு போட்டிருக்கு. தட் மீன்ஸ் செத்துப் போய்ட்டாங்க, ரோசம்மா.”

“ஓனரா மக்கா?”

“நோ. ஓனர்னு எழுதல. அவங்களுக்கு இந்தப் பார்க் ரொம்பப் பிடிக்குமாம். நீங்களும் டயர்டா இருந்தா உட்காருங்கன்னு இருக்கு.”

“நீங்களும்னா யாரு?”

“எவ்ரிபடி.”

எனக்குக் காதில் ரத்தம் ஏறியது. எங்கள் ஊர் மாதா கோயிலில் பெஞ்சு பெஞ்சாக இன்னார் நினைவாக என்று பெயர் எழுதியிருக்கும். ஃபேன் இறக்கையில்கூட உபயம் போட்டிருக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு மார்கரெட் உண்டு. செத்துப்போன ஒரு மனுஷி, கால் நோகிறவர்களுக்கு என்று போட்டுவிட்டுப் போன பெஞ்சுக்குப் பக்கத்தில் என்னை மூன்று வருஷம் கால் நோக நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் நம் பாஷையில் பொய் சொல்லி.

உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மேடம் காபியோடு வந்து நின்றார்.

“மேடம், புக் பண்ணினவங்க செத்துப் போயிட்டாங்களாம். என்னைய உக்காரச் சொல்லிட்டுத்தான் போயிருக்காவ.”

மேடம் முகம் ஒரு மாதிரி ஆனது. “சும்மா சொன்னேன் ரோசம்மா. உட்கார்ந்தா கவனம் போயிடும், பாப்பா மேல கண் இருக்கணும்னுதான்.”

ஒன்பது பிள்ளை வளர்த்தவளுக்குக் கண் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லிக் கொடுக்கிறார். கண் முகத்தில்தானே இருக்கிறது, முட்டியிலா இருக்கிறது? அதை நான் கேட்கவில்லை. இப்போதும் அதுதான் குறை.

துபாய் திரும்ப நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் மார்கரெட் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

4. மறுபடி வாசி

துபாய் வந்த மறுநாள் சாயங்காலம் தியாவை நேரே பச்சை போர்டு முன்னால் நிறுத்தினேன்.

“வாசி மக்கா. ஒண்ணையும் விடாத.”

சைக்கிள் விடக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. நாயைப் புல்லில் விடக் கூடாது. பத்து மணிக்கு மூடப்படும்.

“மெய்டுன்னு எங்க இருக்கு?”

“இல்லியே.”

“மறுபடி வாசி.”

மூன்று தடவை வாசிக்க வைத்தேன். நாய்க்கு ஒரு வரி இருந்தது. எங்களுக்கு இல்லை. இல்லாத வரிக்குப் பயந்து நாங்கள் அத்தனை பேரும் நான்கு வருஷம் நின்றிருக்கிறோம். முருகேசனைக் கூப்பிட்டேன்.

“எனக்கு இங்கிலீஷு தெரியாதுக்கா. டியூட்டிக்கு வந்த அன்னைக்குச் சொன்னாங்க, போர்டுல இருக்குன்னு.”

“யாருல சொன்னா?”

அவன் எங்கள் வில்லாப் பக்கம் பார்த்தான். “காம்பவுண்ட் கமிட்டி மேடம்தான். உங்க மேடம்.”

போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்திரிங்க என்று முருகேசன் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிலிப்பைன்ஸ்காரி என்னைப் பார்த்தாள். போர்டைக் காட்டி, “மாஃபி, மாஃபி” என்றேன், அரபியில் இல்லை என்று. எங்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் ஒரு பெஞ்சு காலி இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மேடம் கேட்டார். “யாரைக் கேட்டு உட்கார்ந்தீங்க?”

“போர்டக் கேட்டேன் மேடம்.”

“இங்க இருக்கப் பிடிக்கலைன்னா சொல்லுங்க. விசாவை கேன்சல் பண்ணி டிக்கெட் போட்டுடறேன்.”

அன்றைக்கு என் மகள் நர்சிங் மூன்றாம் வருஷம். வேலை போனால் அவள் படிப்பு நிற்கும். ஆனால் சொன்னேன்.

“உக்காரக் கூடாதுன்னா எழுதிப் போடுங்க மேடம். மெய்டு உக்காரக் கூடாதுன்னு பெருசா எழுதிப் போடுங்க. பாப்பா வாசிச்சுச் சொன்னா நான் எந்திச்சிக்கிடுதேன்.”

தியா சோபாவில் இருந்தாள். “நான் வாசிக்கிறேன்” என்றாள், குஷியாக.

மேடம் தியாவைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். சார் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், “அதை எப்படி எழுதிப் போடுறது? நாலு பேர் படிப்பாங்க.”

அவ்வளவுதான். நான்கு வருஷம் வாயால் சொன்னதை எழுதுவதற்கு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. கமிட்டியிலும் வரவில்லை. போர்டு அப்படியே இருந்தது, நாங்களும் பெஞ்சிலேயே இருந்தோம்.

என்னை அனுப்பவில்லை. அனுப்பினால் தியா ஏன் என்று கேட்பாள். ஆனால் அடுத்த கோடையில் லண்டனுக்கு வேறு ஆளைக் கூட்டிப் போனார்கள். அதற்கடுத்த கோடையிலும். தியா திரும்பி வந்து, மரம் இருக்கிறது, மார்கரெட் இருக்கிறார் என்று சொல்வாள். அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது மொத்தம் நான்கு நாள். மூன்று கோடை உட்கார்ந்திருக்கலாம். என் கால் கெட்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த மரத்தடியில் எனக்கு உரிய சாயங்காலங்களைத் திருடியதை மன்னிக்கமாட்டேன்.

புதிதாக வருகிற பெண்களே, நான் கற்றது இதுதான். போர்டில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆகட்டும் என்று சொல்லாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சொன்னவரை விட்டு வேறு ஆளையும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதது குற்றம் இல்லை. தெரியாது என்று வெட்கப்பட்டு நான் கேட்காமல் நின்றேனே, அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இதை நான் சொல்லச் சொல்லப் போனில் தட்டியது என் பேத்தி ஜெனி. ஊரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். என் பேச்சை அப்படியே போடாதே, பத்திரிகையில் வருகிற மாதிரிப் போடு என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை தானாகச் சிரித்தாள். என்ன சேர்த்தாள், எதை விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

ஏட்டி ஜெனி, போன அங்கிட்டு வைக்காத. முதல்ல இருந்து வாசி. நான் சொன்னத இல்ல, அதுல என்ன எழுதியிருக்கோ அத வாசி.