தெருக்குத்து வீட்டில் நான் போட்ட தடுப்பு

இந்தக் காஞ்சிபுரத்தில் ஃபால்ஸ் சீலிங் என்றால் என்னவென்று பலருக்குக் காட்டியவன் நான்தான். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தச்சு வேலையில் இழைப்புளி பிடித்த கை இது. பட்டுக்கடை முதலாளிகள் எஞ்சினியரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தச் சுவரில் எதை வைப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். கடை போர்டில் ‘இன்டீரியர் டிசைனர்’ என்று எழுதியபோது சிரித்தவர்களே, பிறகு மகள் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டை மாற்றித்தரச் சொல்லி வந்து நின்றார்கள்.

செவிலிமேட்டில் நான் வாங்கிய மனை தெருக்குத்து. தெரு நேராக வந்து வாசலில் முட்டும். அப்படிப்பட்ட வீடு குடும்பத்துக்கு ஆகாது என்று வேறு யாரும் அதைத் தொடவில்லை. மற்றவர்களாக இருந்தால் மதிலில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நானும் வைத்தேன். ஆனால் என் தொழில் மூளை சும்மா இருக்கவில்லை. வாசலுக்கு உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் தேக்குத் தடுப்பு போட்டேன். உள்ளே வருகிறவர் இடப்பக்கம் ஒரு திருப்பம், வலப்பக்கம் ஒரு திருப்பம் திரும்பினால்தான் ஹால். தெருவின் பார்வை ஒரு துளிகூட உள்ளே வராது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள் என்று எனக்கே நினைவில்லை.

என் மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அதுவரை ஊருக்குள் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில் வாழ்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்காமலே சமையலறை வரை வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

“இன்னாங்க இது, வூட்டுக்கு வர்றவங்க வழி கேட்டுக்கினு வரணுமா?” என்றாள்.

“வர்றவன் அசந்து போவணும்டி.”

“அசந்துட்டு அப்படியே திரும்பிப் போயிடப் போறாங்க, பாருங்க.”

போதாததற்கு, கேட்டில் ஒரு பித்தளைக் கொக்கியும் அடித்தேன். பால் பை, பூ எல்லாம் அதில் தொங்கும். யாரும் உள்ளே வரவே வேண்டாம். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது.

“பெரியவரே, இது திரும்பாது. எவம்பா இத்த கட்னது?” என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

நான் போய்ப் போர்வையை எடுத்து வந்தேன். அதில் கிடத்தி, நான்கு பேர் சாய்த்துத் தூக்கினோம். ஒரு நொடி அவள் நழுவினாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது.

பின்னறையில் படுக்க வைத்தேன். ஏசி, தெருச் சத்தம் கேட்காத கண்ணாடி சன்னல், நான் வரைந்து செய்த அலமாரி. மூன்றாம் நாளிலிருந்து அவள் சாப்பிட மறுத்தாள். கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவாள். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர். ஏதோ கேட்கிறாள், எனக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்குப் புரியவில்லை. அறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். தெருக்காரர்கள் கேட்டிலேயே நின்று, “ஆன்ட்டி எப்படி இருக்காங்க அங்கிள்?” என்று கேட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். உள்ளே வரத் தயங்குவார்கள். தயங்க வேண்டும் என்றுதானே கட்டினேன்!

ஒரு காலையில் கொக்கியைப் பார்த்தேன். நான்கு நாள் பூ எடுக்க ஆளில்லாமல் வாடித் தொங்கியது. பூப் போடுகிறவள்கூட ஏனென்று உள்ளே வந்து பார்க்கவில்லை. அன்றே, என்னிடம் வெகுநாள் வேலை செய்த தச்சரைக் கூப்பிட்டு, தடுப்பு முழுவதையும் பெயர்க்கச் சொன்னேன்.

“அண்ணே, பர்மா தேக்குண்ணே. இன்னும் அம்பது வருசம் நிக்கும்.”

“அதாம்பா பயமா இருக்குது. ஒடை.”

துபாயிலிருந்து மகன் போனில் கத்தினான்: “தெருக்குத்துப்பா! அம்மாக்கு எதனா ஆயிடப் போவுது.”

“இன்னும் ஆவறதுக்கு இன்னாப்பா இருக்குது?” என்றேன். ஆனால் எனக்கும் பயம்தான். பிள்ளையாரிடம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு அவள் கட்டிலை ஹாலில், தெருவுக்கு நேராகப் போட்டேன்.

மறுநாள் கொக்கிக்குக் கை நீட்டிய பூக்காரம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அடிப்பாவி! இன்னாமா இப்டி படுத்துக்கினு கீற? பூ அப்டியே தொங்குதே, ஊருக்குப் போயிட்டன்னு நெனச்சேன்!”

கூடையோடும் செருப்போடும் வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தாள். என் மனைவி ஏதோ குழறினாள். பூக்காரம்மாள் என்னை முறைத்தாள்.

“சீப்பு கேக்குதுய்யா. தல சிக்கு புடிச்சு கெடக்குது, இத்தனி நாளா கண்ணு தெரியலையா உனக்கு?”

உள்ளே ஓடினேன். நான் வரைந்த அலமாரி. எட்டு இழுப்பறை. சீப்பு எதில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி குழறுவது கேட்டது. தெருவுக்கே கேட்கும்படி பூக்காரம்மாள் கத்தினாள்: “மேல இருந்து மூணாவதாம்யா!”

அன்று அரை டம்ளர் கஞ்சி உள்ளே போனது. குழாய் வேண்டாம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.